சரள் மண்ணுல செங்காந்தள் வரமாட்டேங்கா? என்ன கோளாறுன்னு பாத்து சரி பண்ணுத வழி

திருநெல்வேலி மாவட்டத்து பாபநாசத்துல இருந்து மலையடிவாரமா போற ரோட்டுல ஐப்பசி கார்த்திகைல நடந்து பாத்திருக்கீங்களா, உடைமுள்ளு வேலி மேல செங்காந்தள் பாட்டுக்கு ஏறி பூத்து நிக்கும், ஒருத்தரும் தண்ணி ஊத்தல, உரம் வைக்கல. அதே பூவ நம்ம வீட்டு முன்னாடி சரள்ல வச்சா மட்டும் முளைக்க மாட்டேங்கு, முளைச்சா அழுகுது, அழுகலன்னா மஞ்சளாகுது. எங்க வீட்டுலயும் சொந்தக்காரங்க வீட்டுலயும் பல வருஷமா இதையே தோண்டித் தோண்டிப் பாத்ததுல எனக்கு ஒண்ணு நிச்சயமாயிட்டு, பெரும்பாலும் காரணம் கல்லு இல்ல, கல்லுக்கு அடியில நிக்குத தண்ணிதான். மேல சரளப் பாத்ததும் இதுல எங்க தண்ணி நிக்கப் போவுதுன்னு நெனைக்கோம், ஒரு அடி தோண்டுனா கீழ பாறை சட்டி மாதிரி குழிஞ்சு கெடக்கும், மழை பெஞ்சா அந்தச் சட்டி நெறைஞ்சிரும், கிழங்கு அதுக்குள்ள ஊறும்.

உங்க செடியில என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணத்த முதல்ல வச்சிருக்கேன், அதப் பாக்காம கடைக்கு ஓடாதீங்க.

தோண்டுறதுக்கு முன்னாடி இத மட்டும் கண்டிப்பா படிச்சிருங்க

இந்தக் கிழங்கு விஷம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்குன்னு எந்தப் பேர்ல சொன்னாலும் ஒண்ணுதான், கிழங்கு, விதை, இலை எல்லாத்துலயும் கோல்ச்சிசின்னு ஒரு விஷச்சத்து இருக்கு. நம்ம ஊர்ல இதத் தோண்டி எடுக்குத காலமும் பொங்கலும் ஒண்ணா வருது, வீட்டு மூலையில சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பனங்கிழங்கு எல்லாம் குமிஞ்சு கெடக்கும், அதுக்குப் பக்கத்துல இதக் கழுவிக் காயப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எங்க சித்தி வீட்டுல ஒரு தடவ சேம்போட சேத்து சொளவுல கெடந்தத நான் பாத்து எடுத்தேன், இன்னைக்கும் நெனைச்சா வயிறு கலங்குது. தனி டப்பா, மேல பெரிய எழுத்துல விஷம்னு எழுதி உயரத்துல வைங்க. தோண்டும்போது கையுறை போடுங்க, முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, ஆடு மாட்ட அந்தப் பக்கம் கட்டாதீங்க.

யாராவது தெரியாம தின்னுட்டாங்கன்னா வாந்தி வருதான்னு பாத்துட்டு உக்காந்திராதீங்க. முதல் சில மணி நேரம் ஒண்ணுமே தெரியாம இருக்கும், அப்புறம்தான் தொண்டை எரிச்சல், வாந்தி, வயித்தால போறது எல்லாம் தொடங்கும், அதுக்கப்புறம் சிறுநீரகம், ரத்தம்னு உள்ள இறங்கிரும். உப்புத் தண்ணி, புளித் தண்ணின்னு வீட்டு வைத்தியம் பண்ணி நேரத்த விடாதீங்க. உடனே 108, இல்லன்னா பக்கத்து அரசு ஆஸ்பத்திரி, அங்க இருந்து ஹைகிரவுண்டு, அதான் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தின்ன கிழங்குல ஒரு துண்டு கையில கொண்டு போனா டாக்டருக்கு என்னதுன்னு சட்டுனு தெரியும்.

இன்னொண்ணு. காட்டுல இருந்து பிடுங்கிட்டு வராதீங்க. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள எதையும் தோண்டக் கூடாது, அது சட்டம். சட்டத்த விடுங்க, மலையில நிக்குத செடிய நாமளே அழிச்சிட்டு வீட்டுல வளக்குறதுக்கு என்ன அர்த்தம். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் இத வயல்லயே பயிரா போடுதாங்க, அங்க இருந்து வர்ற கிழங்கு நர்சரிகள்ல கிடைக்கு.

கோளாறு: கிழங்கு வச்சு ஒன்றரை மாசம் ஆச்சு, முளையே காணோம்

காலம் சரியா? மாசிலயும் பங்குனிலயும் வச்சிட்டு முளைக்கலன்னு கேக்காங்க. தைக்கு மேல கிழங்கு தூங்கப் போயிரும், ஆனி ஆடி வரைக்கும் நீங்க என்ன பண்ணுனாலும் எழும்பாது. தண்ணி ஊத்தாம விட்டிருங்க, அதே போதும். புதுசா வைக்கணும்னா ஆடிக் கடைசி, ஆவணி நல்ல நேரம், ஐப்பசி மழை பிடிக்கும்போது கொடி ஏறியிருக்கும்.

காலம் சரிதான்னா கண்ணு இருக்கான்னு பாருங்க. இங்கதான் நெறைய பேரு தோத்துப் போறாங்க. உருளைக்கிழங்கு மாதிரி இதுக்கு உடம்பெல்லாம் முளைக்கண்ணு கெடையாது. கிழங்க கையில எடுத்துப் பாருங்க, கலப்பை மாதிரி ரெண்டு கையா பிரிஞ்சிருக்கும், ஒவ்வொரு கையோட நுனியிலயும் வெள்ளையா, சில சமயம் லேசா ரோஸ் கலர்ல, அரிசி முனை மாதிரி ஒரு சின்ன கூர் இருக்கும். அதுதான் கண்ணு, ஒரு கைக்கு ஒண்ணே ஒண்ணு. பார்சல்ல வரும்போதோ நாம சரள்ல அமுக்கும்போதோ அந்தக் கூர் உடைஞ்சிட்டுன்னா அந்தக் கை அவ்வளவுதான், கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. வாங்கும்போதே நுனியப் பாத்து வாங்குங்க. வைக்கும்போது குழிக்குள்ள கூரான கல்லெல்லாம் பொறுக்கிட்டு, கிழங்க படுக்கவச்சு, நுனிப் பக்கம் மட்டும் கையால பொடி மண்ணு தூவி மூடுங்க, காலால மிதிக்காதீங்க.

ஆழம் எவ்வளவு? நாலு விரக்கடைக்கு, அதாவது நாலு விரல் அகலத்துக்கு மேல போக வேண்டாம். மழை ஓடி வந்து மேல சரள் ஒதுங்கி, நாலு விரக்கடை எட்டு விரக்கடை ஆயிருக்கும், அதையும் பாருங்க. ஒரு கம்பியோ ஸ்க்ரூடிரைவரோ வச்சு தேடாதீங்க, கிழங்குல குத்திரும், விரலால பையப் பைய மண்ண ஒதுக்குங்க.

ஒதுக்கிப் பாக்கும்போது கிழங்கு கல்லு மாதிரி இருந்தா மூடி வச்சிட்டு இன்னும் ரெண்டு வாரம் காத்திருங்க. அமுக்குனா பிசுபிசுன்னு உள்ள போச்சுன்னா, நாத்தம் அடிச்சா, அடுத்த தலைப்புக்கு வாங்க.

கோளாறு: நல்லா வந்த தண்டு திடீர்னு சாஞ்சு விழுது, அடி அழுகுது

சிவந்திபுரத்துல ஒரு அண்ணாச்சி ஃபோன் பண்ணி, ‘நேத்து சாயந்திரம் இடுப்பு உயரம் நின்னுச்சுய்யா, காலைல பாத்தா படுத்துக் கெடக்கு, எவனோ மிதிச்சிட்டான்’னாரு. போய் பாத்தா யாரும் மிதிக்கல. தண்ட லேசா இழுத்ததும் கையோட வந்துட்டு, அடி பழுப்பா, நார் நாரா.

முதல் சோதனை, எருவப் பாருங்க. பச்சைச் சாணி, பாதி மக்குன கோழி எரு கிழங்கு மேல பட்டிருந்தா சூட்டுலயே வெந்திரும். அப்படி இருந்தா எருவ ஒதுக்கிட்டு சுத்தி வெறும் செம்மண்ணு போடுங்க, மத்த கிழங்காவது பிழைக்கும். ஆறு மாசம் மக்கி, கையில எடுத்தா மண்வாசம் அடிக்கிற எருதான் இதுக்கு ஆகும்.

அடுத்தது தண்ணி சோதனை. கல்லு கெடக்குத தோட்டம் எல்லாருக்கும் இத நான் கட்டாயமா சொல்லுதேன். செடிக்கு ரெண்டு அடி தள்ளி, ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலம் குழி தோண்டுங்க. வாய் வரைக்கும் தண்ணி ஊத்துங்க, அது இறங்கட்டும், முதல் தண்ணி எப்பவும் வேகமா இறங்கும், அத நம்பாதீங்க. ரெண்டாவது தடவ ஊத்திட்டு நேரத்தக் குறிச்சுக்கோங்க. மூணு நாலு மணி நேரத்துல காலியாச்சுன்னா உங்க மண்ணு நல்ல மண்ணு, காரணம் வேற. சாயந்திரம் ஊத்துன தண்ணி மறுநாள் காலைலயும் குழிக்குள்ள மினுமினுன்னு நின்னா கீழ பாறைச் சட்டி இருக்குன்னு அர்த்தம்.

சட்டி இருந்தா என்ன செய்ய. செலவு இல்லாத வழி, கீழ போகாம மேல வாங்க. பாறை மேலயே ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டுங்க, ரெண்டு பங்கு சரள், ரெண்டு பங்கு செம்மண்ணு, ஒரு பங்கு மக்குன எரு, சுத்தி அங்கன கெடக்குத கல்லையே வரப்பா அடுக்கிருங்க, சிமெண்ட் பூசாதீங்க, கல்லிடுக்கு வழியாத்தான் தண்ணி வெளிய வரணும். எங்க வீட்டுல இப்ப நிக்குத கொடி எல்லாம் அப்படி மேட்டுல நிக்குறதுதான். குளத்துக் கரம்பைய, அதான் குளத்துல அள்ளுத வண்டல் களிமண்ண, தட்டிக் கொட்டிராதீங்க, வாழைக்கு அது அமிர்தம், இதுக்கு எமன், மழையில பிசின் மாதிரி ஒட்டிக்கிடும்.

மேடு கட்ட எடம் இல்லன்னா கடப்பாரை வச்சு சட்டியோட பள்ளமான பக்கத்த உடைச்சு தண்ணி வெளிய ஓட ஒரு சால் எடுத்து விடலாம். பாறை அரையடிக்கு மேல கனமா இருந்தா நீங்க அடிக்காதீங்க, மணிக்கட்டும் முதுகும்தான் போகும், கல் உடைக்கிற ஆளக் கூப்பிடுங்க, அவங்க பாறையோட ரேகையப் பாத்து உளி வைப்பாங்க, அரை நாள் வேலை. வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்துலன்னா கொத்தனார்ட்ட கேக்காம சால் எடுக்கவே எடுக்காதீங்க.

தண்ணியும் நிக்கல, எருவும் நல்ல எரு, ஆனாலும் அழுகுதுன்னா அடித்தண்ட சுத்தி மண்ணக் கூர்ந்து பாருங்க. வெள்ளை நூல் படர்ந்து, அதுக்குள்ள கடுகு மணி மாதிரி பழுப்பு உருண்டை கெடந்தா பூஞ்சணம். அந்தச் செடியையும் சுத்தி ஒரு சாண் மண்ணையும் அள்ளி தூர எறிஞ்சிருங்க, எருக்குழியில போட்டா அங்க இருந்து தோட்டம் பூரா பரவும். மிச்ச கிழங்க அடுத்த தடவ நடுறதுக்கு முன்னாடி கார்பென்டசிம்ங்குத பூஞ்சணக் கொல்லி மருந்த லிட்டருக்கு 2 கிராம் கலந்து அரை மணி நேரம் முக்கி நிழல்ல உலத்தி வைங்க. ரசாயனம் வேண்டாம்னா ட்ரைக்கோடெர்மா விரிடிங்குத நல்ல பூஞ்சணத்த எருவோட கலந்து போடுங்க. ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, கார்பென்டசிம் ட்ரைக்கோடெர்மாவையும் சேத்துக் கொன்னுரும், காசுதான் வீண்.

மேடும் கட்டி, கிழங்கும் மாத்தி, ரெண்டு வருஷம் தொடர்ந்து அழுகுனா அதுக்கு மேல நாமளா மருந்து தேட வேண்டாம். அழுகுன கிழங்கு ஒண்ணு, அது கெடந்த மண்ணு ரெண்டு கை, தனித்தனி கவர்ல போட்டு வட்டார தோட்டக்கலை ஆபீசுல கொண்டு காட்டுங்க. வல்லநாட்டுப் பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இருக்கு, அங்கயும் போய் கேக்கலாம்.

கோளாறு: இலை மஞ்சளாகுது

எந்த மாசம்? மார்கழி தைன்னா ஒண்ணும் செய்யாதீங்க, அது கோளாறே இல்ல, கொடி தன் சத்த கிழங்குக்கு இறக்குது. மஞ்சளா இருக்கேன்னு வெட்டிராதீங்க, தானா காஞ்சு சருகாகட்டும், பச்சையா வெட்டுனா அடுத்த வருஷக் கிழங்கு சுண்டக்காயா போயிரும்.

புரட்டாசி ஐப்பசியிலயே மஞ்சள்னா எந்த இலைன்னு பாருங்க. அடி இலை மட்டும்னா தண்ணி கூடியிருக்கு இல்ல கொறைஞ்சிருக்கு, விரல விட்டுப் பாத்தா தெரியும். நுனி இலை, அதுவும் நரம்பு பச்சையா நடுவுல மட்டும் வெளுத்துப் போனா சுக்கான் மண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டத்துல வெள்ளையா முண்டு முண்டா கல்லு கெடக்கான்னு பாருங்க, ஒண்ண எடுத்து தட்டிப் பொடிச்சு மேல கொஞ்சம் வினிகர் விடுங்க, நுரைச்சு சிர்ருன்னு பொங்குனா அது சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் செடியால எடுக்க முடியாது.

அன்னபேதி (இரும்புச்சத்து உப்பு, ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு, சாயந்திரம் வெயில் தாழ்ந்தப்புறம் இலையில தெளிங்க, பத்து நாள் விட்டு இன்னொரு தடவ. புது இலை பச்சையா வந்தா கோளாறு பிடிபட்டுட்டு. ஆனா அது அந்த நேரத்துக்குத்தான், அடுத்த நடவுக்கு வெளியில இருந்து செம்மண்ணு கொண்டு வந்து மேட்டுல வைங்க. போர் தண்ணி உப்பா இருக்குத வீட்டுல அன்னபேதியும் நிக்காது, மழைத்தண்ணியப் பிடிச்சு ஊத்துங்க. உப்பா இல்லையான்னு சந்தேகம்னா மண்ணையும் தண்ணியையும் மண் பரிசோதனை நிலையத்துல குடுத்துருங்க.

இலை மஞ்சளோட சுருண்டு வெள்ளிக் கோடு விழுந்தா இலைப்பேன், வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிச்சா அடங்கும்.

கோளாறு: ராத்திரியோட ராத்திரியா இலையெல்லாம் போச்சு, தண்டு மட்டும் நிக்கு

புழு. கருப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, செகப்புப் புள்ளின்னு சாயம் பூசுன மாதிரி இருக்கும், ஒரு தடவ பாத்தா மறக்க மாட்டீங்க. செங்காந்தளையும் லில்லி வகைகளையும் தேடி வர்ற புழு அது. காலைல இலையத் திருப்பிப் பாத்தா முட்டை கூட்டமா ஒட்டியிருக்கும், அந்த இலையோட கிள்ளி சோப்புத் தண்ணியில போட்டிருங்க. வீட்டுல அஞ்சாறு கொடிதான்னா கையால பொறுக்குறத விட நல்ல மருந்து இல்ல, நாலு நாள் தொடர்ந்து காலைல பாத்தா போதும். பொறுக்குன புழுவ கோழிக்குப் போடாதீங்க, அது தின்னது விஷ இலை. ரொம்ப ஏறிட்டுன்னா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயந்திரம் அடிங்க.

கோளாறு: கொடி ஏறாம தரையில கெடக்கு, நுனி முறியுது

இலையோட நுனியப் பாருங்க, அது சுருண்டு கொக்கி மாதிரி இருக்கும், அதுதான் அதோட கை. அந்தக் கை ரொம்பச் சின்னது, பென்சில் கனத்துக்கு மேல எதையும் பிடிக்காது. நாம பிவிசி பைப்பும் மூங்கிலும் நட்டு வச்சிட்டு ஏறலன்னு சொல்லுதோம். உடைமுள்ளுக் கிளை, காஞ்ச சுள்ளி, கோழி வலை, இதுல எது இருந்தாலும் போதும், முளை ஒரு சாண் வர்றதுக்குள்ள ஊணிருங்க. பிந்தி ஊணுனா கிழங்குல குத்தும்.

காத்துல நுனி முறிஞ்சிட்டுன்னா பெரும்பாலும் அந்தத் தண்டு அந்த வருஷம் திரும்பத் தளிர்க்காது. பிடுங்காதீங்க, இருக்குத இலைய வச்சு கிழங்காவது தேறும்.

கோளாறு: கொடி செழிப்பா இருக்கு, பூ மட்டும் இல்ல

வெயில் எவ்வளவு நேரம் படுது? வேர்ப்பக்கம் நிழல், தலைப்பக்கம் வெயில், இதுதான் அதோட இயல்பு, வேலியில அப்படித்தான் நிக்கு. வேப்பமரத்து அடியில முழு நிழல்ல வச்சா இலைதான் வரும். யூரியா போட்டிருந்தா நிப்பாட்டுங்க. ரெண்டும் இல்லன்னா கிழங்கு சின்னது, தோண்டுற காலத்துல நிறுத்துப் பாருங்க, 50 கிராமுக்குக் கீழன்னா இன்னும் ஒரு வருஷம் பொறுக்கணும். விதையில இருந்து வந்த செடின்னா மூணு நாலு வருஷம் ஆகும். பக்கத்து வீட்டு மதினி விதை போட்டு மூணாவது வருஷம் பூக்கலன்னு பிடுங்கப் போனாங்க, நான் கெஞ்சிக் கேட்டு நிப்பாட்டுனேன், மறு வருஷம் கார்த்திகைல ரெண்டு பூ.

கோளாறு: பூக்குது, காய் பிடிக்கல

பூவ கிட்டத்துல பாருங்க. இதழ் ஆறும் மேல் நோக்கி மடங்கி, ஓரம் நெளிநெளியா, அடி மஞ்சள், நுனி செகப்பு, நாள் ஆக ஆக முழுக்க செகப்பாயிரும். மகரந்தத் தாள் ஆறும் சுத்தி விரிஞ்சிருக்க, சூல்தண்டு மட்டும் அடியிலயே மடங்கி ஒரு பக்கமா விலகிப் போயிருக்கும். அதனால பூச்சி வரலன்னா தானா காய் பிடிக்கிறது கஷ்டம். காலைல எட்டு மணியில இருந்து பதினொண்ணுக்குள்ள ஒரு மெல்லிசு பிரஷ்ல வேற கொடியோட மகரந்தத்த எடுத்து சூல்தண்டு நுனியில தடவுங்க. பயிர் போடுறவங்களும் கையாலதான் செய்தாங்க. விதை வேண்டாம்னா விட்டிருங்க, காய் பிடிக்காட்டா கிழங்கு இன்னும் நல்லாத் தேறும்.

கோளாறு: போன வருஷம் பூத்துச்சு, இந்த வருஷம் அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல

செத்துட்டுன்னு முடிவு பண்ணுறதுக்கு முன்னாடி ஒரு சாண் தள்ளி சுத்திப் பாருங்க. பழைய கிழங்கு வருஷா வருஷம் சுருங்கி, புதுசு அதுல இருந்து விலகித்தான் உருவாகும், கண்ணு நுனியில இருக்குறதால முளை வேற எடத்துல எட்டிப் பாக்கும். களை எடுக்கும்போது அந்த முளையப் புல்லுன்னு நெனைச்சு சுரண்டியிருப்பாங்க, போன வருஷக் கொடி காயும்போதே நாலு பக்கமும் ஒரு கல்லு அடையாளம் வச்சிருங்க.

அங்கயும் இல்ல, மண்ணு கிளறிக் கெடக்குன்னா பன்னியோ முள்ளம்பன்னியோ வந்துபோயிருக்கும், மலையடிவாரத்துல இது சகஜம், மேல கோழி வலையப் படுக்கவச்சு ஓரத்துல கல்லு ஏத்திருங்க.

கிளறவும் இல்லன்னா கோடையில தண்ணி போயிருக்கான்னு பாருங்க. தூங்குற கிழங்குக்கு மாசி பங்குனியில மத்த செடியோட சேத்து தண்ணி விட்டா உள்ளயே அழுகிரும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில எங்க பக்கம் பல பேருக்கு கிழங்கே போச்சு, மேட்டுல இருந்தது மட்டும் தப்பிச்சுது, பள்ளத்துல இருந்தத ஒரு வாரம் கழிச்சு தோண்டுனா வெறும் தோலுதான் கையில வந்துச்சு. அதுக்கப்புறம் நான் தை மாசம் பாதிக் கிழங்கத் தோண்டி, காஞ்ச மணல் போட்ட மண்பானையில வச்சு, வாயத் துணியால கட்டி, பரண்ல ஏத்திருதேன், மீதிய மேட்டுலயே விட்டிருதேன். ஆவணி பிறந்ததும் பானையில இருக்குறத எடுத்துப் பாத்தா சிலது அங்கேயே அரை விரக்கடை கூர் விட்டிருக்கும், அத உடையாம கைக்குள்ள பொத்திக்கிட்டு குழிக்குக் கொண்டு போகணும்.